மீன் பார்க்க எடுத்த மீசை

“அண்ணே, மீசை வேணுமா, மீன் வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

அந்தமானில் ஒரு தீவுக் கரையில், இடுப்பளவு நீரில் நின்றபடி இப்படிக் கேட்டவர், என்னைக் கடலுக்குள் கூட்டிப்போக வந்த பயிற்சியாளர். முப்பது வயதுப் பெண், ராமநாதபுரத்துப் பூர்வீகம்.  நான் மூக்கு வழியாகக் குடித்த உப்புநீர் கண் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

திண்டுக்கல்லில் நான் நீர்மூழ்கி மோட்டார் விற்கிறேன். எண்ணூறு அடி, ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறுகளுக்குள் மோட்டாரை இறக்கிவிட்டு, மேலே நின்று, “வரும், வரும், இந்தா வருது” என்று விவசாயிகளுக்குத் தைரியம் சொல்வது என் தொழில். நீருக்குள் எத்தனையோ இறக்கியிருக்கிறேன், என்னை இறக்கியதில்லை. நீச்சலும் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இருந்த வருடங்களில் எனக்குப் பயம் இருந்தது. பயம் போன வருடங்களில் தண்ணீர் போய்விட்டது.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த மகள்தான் அந்தமானுக்குப் பயணச்சீட்டு எடுத்தாள். கைப்பேசியில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். சான்றிதழ் வேண்டாம், நீச்சல் வேண்டாம், யார் வேண்டுமானாலும் கடலடியைப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. “யார் வேண்டுமானாலும்” என்ற இடத்தில் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

கிளம்பும்போது எனக்கு ஒரு கவலை இருந்தது. அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு இரண்டு முறை நாள் வாங்கி, இரண்டு முறையும் அவரே தள்ளிப்போட்டார். முதல் முறை, கிளம்புகிற நேரத்தில் சுவரில் பல்லி சத்தமிட்டது. இரண்டாம் முறை அன்று அவருக்குச் சந்திராஷ்டமம். “அன்னைக்கு மாட்டுக்கு லாடங்கூட அடிக்க மாட்டாக, என் கண்ணைக் கிழிக்கப் போறியாக்கும்?” என்றார். டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அப்படிப் போகிற பார்வை திரும்பாது என்றார். அந்த மாதமே அப்பா, வாசல்படி முடிந்துவிட்டதென்று நினைத்துக் காற்றில் கால் வைத்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்.

கெஞ்சி, கொஞ்சி, மூன்றாம் முறையாக நாள் வாங்கினோம். நாங்கள் ஊர் திரும்பிப் பத்தாம் நாள். அப்பா ஒரே நிபந்தனை வைத்தார். “ஏலே, இந்தத் தடவையும் ஏதாச்சும் குறுக்க வந்துச்சுன்னா விட்ரணும். அது வேணாங்குதுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் கண்ணுன்னு ஒரு பேச்சு எடுக்கக் கூடாது.” நானும் தலையாட்டினேன். என் பக்கத்திலிருந்து ஒன்றும் குறுக்கே வராது என்று முழுமனதாக நம்பினேன். வத்தலகுண்டிலிருந்து தங்கை வந்து அப்பாவோடு தங்கிக்கொள்ள, நானும் மனைவியும் மகளும் விமானம் ஏறினோம்.

தீவில் எங்களுக்கு மூன்று வழிகள் சொன்னார்கள். முதலாவது, அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகு. உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து பார்க்கலாம். அடுத்தது கடல் நடை. அண்டா அளவு ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, குழாயில் காற்று அனுப்பிக் கடல் தரையில் நடக்க விடுவார்கள். கடைசியாக, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குவது. பயிற்சியாளர் பின்னாலிருந்து பூனை குட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்வார்.

“எனக்குக் கடல் நடை. தலை நனையாதாம்ல,” என்றாள் மனைவி.

“நீங்களும் அதுலயே போங்கப்பா,” என்றாள் மகள்.

“அதெல்லாம் வயசானவங்களுக்கு,” என்றேன் ஐம்பத்து நான்கு வயதான நான். ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதயத்தில் கோளாறு உண்டா, காது, மூக்கு, வலிப்பு. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீசை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அது சாதாரண மீசை இல்லை. தலைமுடி என் முப்பத்தைந்தாவது வயதிலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதால், முகத்தில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே சொத்து அதுதான். கடையின் பெயர்ப்பலகையில் மோட்டார் படம் ஒரு பக்கம், மீசையோடு நான் மறுபக்கம். இரண்டில் எது எத்தனை குதிரைத்திறன் என்று வாடிக்கையாளர்கள் கேலி பேசுவார்கள். மாதம் இரண்டு முறை தவறாமல் கறுப்புச் சாயம் பூசுவேன்.

கரையோரப் பயிற்சியில் அந்த மீசைதான் காலை வாரியது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி மேலுதட்டில் அழுத்தமாக ஒட்ட வேண்டும். என் விஷயத்தில் நடுவே அடர்ந்த காடு இருந்தது. முடிக்கு முடி வாய்க்கால் வெட்டியதுபோல் தண்ணீர் உள்ளே வந்தது. பயிற்சியாளர் அரை டப்பா வாசலினைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் மீனா மீசையா என்று கேட்டார்.

“மொத்தமா எடுக்க வேணாம்ணே. மூக்குக்குக் கீழ ஒரு கோடு. அம்புட்டுத்தான். நாளைக்குக் காலையில வாங்க.”

அறையில் கண்ணாடி முன் நின்று ஒரு கோடுதான் எடுத்தேன். வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சமப்படுத்த இடப்பக்கம் எடுத்தேன். அது இன்னும் கூடிவிட்டது. இருபத்தெட்டு வருடமாகக் கம்ப்ரசர் பெல்ட்டை மயிரிழை பிசகாமல் சரிசெய்கிற என் கை, அன்று தராசில் அப்பம் பங்கு போட்ட குரங்காகிவிட்டது. கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஒன்றும் இல்லாததால் சமம்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். மனைவி கட்டிலிலிருந்து எழுந்து நின்று, “யாருய்யா நீ?” என்று கத்தினாள். பிறகு சிரித்தாள். மகள் இருபது படம் எடுத்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் முங்கினேன். கண்ணாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வாயால் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டு, காது அடைக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டு, இருபத்தைந்து அடிக்குக் கீழே போனோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காலிஃபிளவர் மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோல் பவளப்பாறைகள். வாழைப்பூ நிறத்தில் ஒரு மீன் கூட்டம், மஞ்சள் பட்டை போட்ட ஒரு கூட்டம். வாயில் குழாய் இல்லாவிட்டால் நான் ஆவென்று பார்த்திருப்பேன்.

அப்போது மணலைக் கிளறிக்கொண்டு ஒரு மீன் வந்தது. தாடைக்குக் கீழே நீளமாக இரண்டு மீசை வைத்திருந்தது. பார்றா, இதற்கெல்லாம் மீசை இருக்கிறது, எனக்கு இல்லை என்று நினைத்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார்.

எங்கள் சனத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பது பெற்றவர்களில் ஒருவர் இறந்தால்தான். அம்மா போனபோது எடுத்தேன். அப்பா உயிரோடு இருக்கையில் எடுப்பது, அவரைச் சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்குச் சமம். பல்லி சத்தத்துக்கே அறுவை சிகிச்சையை நிறுத்திய மனிதரிடம், இன்னும் சில நாளில் கண்ணைக் காட்டப் போகிறவரிடம், நான் இந்த முகத்தோடு போய் நிற்க வேண்டும்.

நெஞ்சு அடித்ததில் மூச்சுக் குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. பயிற்சியாளர் முன்னால் வந்து, என்ன என்று கையால் கேட்டார். காது வலிக்கிறது என்பதற்கு ஒரு சைகை சொல்லிக் கொடுத்திருந்தார். காற்று போதவில்லை, மேலே போக வேண்டும், எல்லாம் சரி, இவற்றுக்கெல்லாம் சைகை இருந்தது. அப்பன் இருக்கையில் மீசையை எடுத்துவிட்டேன் என்பதற்கு இல்லை. மேலுதட்டைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் விரித்தேன். அவர் தலையாட்டிவிட்டு என்னை அள்ளிக்கொண்டு மேலே போனார். படகில் ஏறியதும், “உதடு எரியுதாண்ணே? ஜெல்லி மீன் பட்டுச்சா?” என்றார்.

மனைவி அதற்குள் கடல் நடையை முடித்துவிட்டுக் கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். தலையில் வைத்த பூகூட நனையவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் இளநீர் கையிலேயே நின்றது.

“அய்யய்யோ. மாமாவுக்குத் தெரிஞ்சா?”

மகள் மட்டும் கணக்காகப் பேசினாள். “தாத்தாவுக்குத்தான் கண்ணு தெரியாதே. ஆபரேஷன் முடியிற வரைக்கும் கிட்டப் போகாதீங்க. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்.” படித்த பிள்ளை. அந்தத் திட்டத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அப்பாவைத் தவிர ஊரில் மற்ற எல்லோருக்கும் கண் தெரியும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மகளைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, சென்னையிலிருந்து ரயிலில் வந்து விடிகாலை திண்டுக்கல்லில் இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் என் வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தார். சேவுகம்பட்டியில் கத்தரியும் தக்காளியும் போடுகிறவர், வாயாடி. என்னைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தார். வந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த நேரம் அப்படியே நின்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

“நாம அந்தமான் போனது இவருக்கு எப்படித் தெரியும்? வாழ்த்துச் சொல்லிட்டுப் போறாரே,” என்றேன் மனைவியிடம்.

சிரிக்காதீர்கள். இரவெல்லாம் தூங்காதவனுக்கு அப்படித்தான் தோன்றும். வழுக்கைத் தலை, மழித்த மீசை, சிவந்த கண். எங்கள் பக்கம் இப்படி ஒருவனைப் பார்த்தால் எதுவும் கேட்க மாட்டார்கள், கையைப் பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். துக்கம் கேட்பது அப்படித்தான். எத்தனை பேரின் கையை நானே பிடித்திருக்கிறேன்.

வீட்டில் கதவைத் திறந்த தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

“ஒண்ணுமில்லப்பா. அண்ணன் வெயில்ல கறுத்துப் போயி வந்திருக்கு.” பிறகு என் காதருகே வந்து, “நீ உருப்படுவியா? எதுக்குண்ணே இப்படிப் பண்ணுன?” என்று பல்லைக் கடித்தாள்.

அப்பாவுக்கு நான் ஒரு உருவம், ஒரு குரல். அவ்வளவுதான் தெரியும். எட்ட நின்றே பேசினேன். கடைக்குப் போகையில் மனைவி கண் மையால் ஒரு மீசை வரைந்துவிட்டாள். பதினோரு மணி வெயிலில் அது வாய்க்குள் வந்துவிட்டது. மெக்கானிக் என்னைப் பார்த்துவிட்டு, கிரீஸ் துடைக்கிற துணியை மரியாதையாக நீட்டினார்.

இரண்டாம் நாள் காலை கடைக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, உடனே வா,” என்றாள். பின்னால் ஒரு கூட்டம் அழுகிற சத்தம் கேட்டது.  அப்பா போய்விட்டார், நான்தான் அனுப்பிவைத்தேன் என்றே நினைத்தேன். மெக்கானிக் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். 

நடந்தது இதுதான். சேவுகம்பட்டியில்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை இருக்கிறார். டீக்கடையில் என் கையைப் பிடித்தவர் நேராக ஊருக்குப் போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டார். மகன் மீசையை எடுத்தாயிற்று என்றால் எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். சொந்த அண்ணனின் சாவைத் தனக்குச் சொல்லவில்லையே என்று அத்தைக்கு ஆத்திரம். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். “சொல்லாதவன்கிட்ட நான் என்னத்தக் கேக்குறது?” என்று ரோஷத்தில் போடவில்லை. படத்துக்குப் போட ஆளுயர ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, ஒரு வேன் நிறைய ஆட்களோடு கிளம்பிவிட்டார். தெருமுனையில் இறங்கியதுமே பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு அப்பா கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். முன்னால் வந்த ஒரு பெண்ணிடம், “யாரு வீட்டு எழவும்மா?” என்று பரிவாக விசாரித்திருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு அப்பாவைத் தெரியாது. “இந்த வீட்டுப் பெரியவருதேன்.”

“இந்த வீட்டுலயா? இங்க நான் ஒருத்தன்தேன் பெரியவன்.”

நிமிர்ந்து பார்த்த அத்தை மாலையைக் கீழே போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

நான் போனபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். உயிரோடு இருக்கிறார் என்று கண்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். கையை நீட்டி முகத்தைத் தடவினார். விரல் மேலுதட்டில் ஒரு முறை போய்வந்தது.

“எங்க வச்சு எடுத்த?”

“அந்தமான்லப்பா.”

“எதுக்கு?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “மீன் பார்க்க.”

“மீன் பார்க்கவா? பேகம்பூர் மீன் கடைப் பக்கம் போனா மீனே உன்னைப் பார்க்குமேடா, முழிச்சு முழிச்சு!”

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அப்பா சிரிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேணாம்னுரு. மகன் மீசைய எடுத்தாச்சு, மாலை வந்தாச்சு, செத்தவனுக்கு எதுக்குடா கண்ணு?”

இதற்குத்தான் பயந்தேன். நான் காலைப் பிடித்தேன். தங்கை கெஞ்சினாள். அத்தை எழுந்து வந்து, “அண்ணே, செத்ததாச் சேதி பரவுனா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாக. உங்க கண்டம் கழிஞ்சிருச்சு,” என்றார்.

“ஆயுசு கெட்டியாகட்டும். கண்ணைக் கெடுக்காம விடுங்க.” அவ்வளவுதான். வந்தவர்களில் சிலர் கிளம்புவதற்காக வெளியே காலணிகளைத் தேடுகிற சத்தம் கேட்டது.

செத்த நேரம் கழித்து அப்பா கேட்டார். “ஏத்தா, வாசல்ல பாடிக்கிட்டு வந்தியே, என்னாது அது?”

“அத எதுக்குண்ணே இப்ப?”

“என் மேல பாடுனது. நான்தேன் கேக்கணும். பாடு.”

அத்தை வெட்கப்பட்டார். எழுபது வயதில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்னதுபோல் முந்தானையைத் திருகினார். அப்பா விடவில்லை. கடைசியில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக எடுத்தார்.

“மல்லிகைத் தோட்டத்துக்கு
மடை தெறந்த எங்கண்ணே,
மகன் மொகந் தெரியாம
மண்ணுக்குப் போனீகளே,
வாசப்படி தெரியாம
வழி தடவிப் போனீகளே…”

பாடப் பாட அவரே முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உயிரோடு இருப்பவரை வைத்துக்கொண்டு மற்ற பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்படியா பாடுனீக? ஊருக்குள்ள, அம்புட்டுப் பேருக்கு முன்னால?”

“பின்ன என்னண்ணே? உள்ளதத்தானே பாட முடியும்.”

அப்பா கைப்பிடியைத் தட்டுவதை நிறுத்தினார். பிறகு என் குரல் கடைசியாக வந்த திசையைப் பார்த்துச் சொன்னார். “ஏலே. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடாத. போறேன்.” அத்தை பக்கம் திரும்பினார். “அடுத்த தடவ பாடுறப்ப அந்த வரி இருக்கக் கூடாது. குருடன்னு பாடவா வேன் புடிச்சு வந்த?”

வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மனைவி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நான்கு வகை வெஞ்சனம் வைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வடை சுடலாமா கூடாதா என்று அடுப்படியில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சுட்டார்கள்.

பத்தாம் நாள் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. கிளம்பும்போது அப்பா எந்தப் பக்கமும் திரும்பாமல் வண்டியில் ஏறினார். மறுநாள் காலை கட்டைப் பிரிக்க நானும் மனைவியும் பக்கத்தில் நின்றோம். டாக்டர் மருந்தால் துடைத்துவிட்டு, மெதுவாகத் திறக்கச் சொன்னார்.

அப்பா திறந்தார். விளக்கைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்து, “மெலிஞ்சிட்டியேம்மா,” என்றார். பிறகு என்னிடம் வந்து நின்றது பார்வை. பதினைந்து நாள் மீசை அரும்பி முள்முள்ளாக நின்றது. இத்தனை குழப்பத்தில் சாயம் பூசுகிற எண்ணமே எனக்கு வரவில்லை. அது முழுக்க முழுக்க வெள்ளை.

அப்பா அதிர்ந்துபோய்ப் பின்னால் சாய்ந்தார். என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“ஏலே… நீ எப்படா கிழவனான?”

 எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடியில் ஒரு வயதானவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். இவர் யார், வரிசையில் வராமல் நடுவில் நிற்கிறாரே என்று ஒரு கணம் நானே நினைத்துவிட்டேன்.

“டாக்டர், இவன் எம்மவன். எனக்கு மூத்தவனாட்டம் இருக்கான்,” என்ற அப்பா, மனைவியிடம் திரும்பினார். “இவனுக்கு எதையாச்சும் பூசிவிடும்மா. பார்க்கவே பயமா இருக்கு.”

“இருக்கட்டும் மாமா,” என்றாள் மனைவி. “நீங்க செத்த நேரம் நல்லாப் பாருங்க.”

அப்பா தாடையை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.